நிமோனியா வரை போன சளிக்காய்ச்சலுக்குப் பிறகு ஒரு கண் மட்டும் மங்கல்: தோட்ட மருந்தகத்தில் எதைப் பார்ப்பது?

மஸ்கெலியா_மருந்தகம் கேட்டது:

இன்ஃபுளுவென்சாவோ கொவிட்டோ நிமோனியாவில் போய் முடிந்து, வார்டில் ஒட்சிசன் வைத்து, டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டெரொயிட் போட்டுத் தோட்டத்துக்குத் திரும்புகிறவர்கள் கொஞ்ச நாளில் கண்ணைக் காட்டிக்கொண்டு மருந்தகத்துக்கு வருகிறார்கள். ஒருவருக்குக் கண் வெள்ளை முழுக்க இரத்தச் சிவப்பு. இன்னொருவருக்கு மங்கல். வேறொருவர், வாசிக்கும்போது எழுத்தின் பக்கத்தில் ஒரு கறுப்புப் புள்ளி நிற்கிறது என்கிறார். துண்டில் “காய்ச்சல் பலவீனம்” என்று எழுதி விட்டமின் கொடுத்து அனுப்புவதுதான் பல இடங்களில் நடக்கிறது.

நுரையீரலில் வரும் வைரஸ் கண்ணின் இரத்தக்குழாயை எப்படித் தாக்குகிறது? டோர்ச், எழுத்து அட்டை, பிரஷர் மெஷின், குளுக்கோமீட்டர், இவ்வளவுதான் கையில் இருக்கிறது. இவற்றை வைத்து யாரை அன்றைக்கே அனுப்புவது, யாரை கிளினிக் நாளுக்கு விடுவது என்று பிரிக்க முடியுமா? “இரத்தம் கட்டாமல் இருக்க அஸ்பிரின் கொடுக்கட்டுமா” என்று வீட்டுக்காரர்கள் கேட்கிறார்கள், அதற்கும் பதில் வேண்டும். தெரிந்த அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்கள்.

விழித்திரை_பண்டாரவளை:

தம்பி, வலி இருக்கிறதா இல்லையா என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். விழித்திரையில் வலி உணரும் நரம்பு கிடையாது. அங்கே குழாய் அடைபட்டவர் துடித்துக்கொண்டு வரமாட்டார். முகம் கழுவும்போது ஒரு கண்ணை மூடினேன், மற்றதில் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை என்று சாதாரணமாகச் சொல்வார். சிவந்து அரித்து நீர் வடியும் கண்ணோடு சத்தம் போடுகிறவர்களில் அநேகம் பேருக்குப் பார்வைக்கு ஆபத்தில்லை. முதலில் கூப்பிட வேண்டியவர் பெஞ்சின் கடைசியில் பேசாமல் உட்கார்ந்திருப்பார்.

குழாய்க்குள் நடப்பது இதுதான். உட்சுவரில் ஒற்றை அடுக்காக இருக்கும் எண்டோதீலியக் கலங்கள் நைட்ரிக் ஒட்சைட்டையும் புரொஸ்டாசைக்ளினையும் விட்டு, இரத்தம் சுவரில் ஒட்டாமல் பார்த்துக்கொள்கின்றன. நுரையீரல் தொற்று கடுமையானால் இண்டர்லூக்கின்-6 போன்ற அழற்சிப் பொருட்கள் இரத்தத்தோடு உடம்பெல்லாம் போய் இந்தக் கலங்களைக் கெடுக்கின்றன. ஒட்டவிடாமல் காத்த சுவரே ஒட்டவைக்கத் தொடங்கும்: வொன் வில்பிராண்ட் காரணி வெளியே வரும், இரத்தத்தை உறையவைக்கும் ஃபைப்ரினோஜன் ஏறும், பிளேட்லெட்டுகள் சேரும். கொவிட் வைரஸ் பற்றிக்கொள்ளும் ஏஸ்-2 ஏற்பி குழாய்ச் சுவரிலும் இருப்பதால் அது நேராகத் தாக்கவும் இடமுண்டு. இன்ஃபுளுவென்சாவில் பெரும்பங்கு அழற்சி வழியாக வருவது. இதற்கு மேல் காய்ச்சலில் நீர் வற்றி இரத்தம் தடிக்கிறது, படுத்தே கிடப்பதால் ஓட்டம் மந்தமாகிறது, ஒட்சிசனும் குறைகிறது.

விழித்திரையின் உள் அடுக்குகளுக்கு இரத்தம் கொண்டுவருவது பெரும்பாலும் மைய நாடி ஒன்றுதான். அதன் கிளை அடைபட்டால் சுற்றிப் போக மாற்று வழி இல்லை. இரத்தம் கொண்டுவரும் நாடியும் அதைத் திருப்பிக் கொண்டுபோகும் நாளமும் குறுக்கே கடக்கும் இடங்களில் இரண்டுக்கும் வெளியுறை ஒன்றே. பல வருடப் பிரஷரால் தடித்த நாடி, தண்ணீர்க் குழாயை மிதித்து நிற்கும் கால் மாதிரி, அந்த இடத்தில் நாளத்தை ஏற்கெனவே அமுக்கிக்கொண்டிருக்கும். தொற்றில் இரத்தமும் தடித்தால் நாளம் அங்கே அடைபடும். அதனால்தான் இந்த அடைப்பு ஐம்பது தாண்டிய, பிரஷரும் சீனியும் உள்ளவர்களில் கூடுதல். இளவயதுக்காரருக்கு வராது என்று சொல்லவும் முடியாது.

கண்ணில் காணக்கூடியவை சில. நுண்குழாய் அடைபட்டால் நரம்பு நார் அடுக்கில் வெள்ளையாகப் பஞ்சுப் புள்ளிகள். தொந்தரவே தெரியாமல் இருக்கும், 6 முதல் 12 வாரத்தில் பெரும்பாலும் மறையும். நாளம் அடைபட்டால் பின்னால் இரத்தம் தேங்கி, விழித்திரை முழுக்கவோ ஒரு காற்பங்கிலோ கசிவு. மையத்தில் நீர் கோத்து, மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ பார்வை மங்கும். நாடி அடைபட்டால் நொடிகளில் இருள். இது கண்ணில் வந்த பக்கவாதம். இரத்தம் முழுக்க நின்ற விழித்திரை குரங்குகளில் செய்த பரிசோதனையில் ஒன்றரை மணி நேரம் வரைதான் சேதமில்லாமல் தாங்கியது, 4 மணி நேரத்தில் சேதம் மீளமுடியாததானது. “நாளைக்கு கிளினிக் இருக்கு” என்று அனுப்பிவிடாதீர்கள். திரை விழுந்த மாதிரி சில நிமிடம் இருண்டு தானாகத் திரும்பியிருந்தாலும் அதே அவசரம்தான், அடுத்தது மூளையில் வரலாம்.

இருமலால் வருவது வேறு கதை. நெஞ்சுக்கும் கண்ணுக்கும் இடையில் உள்ள நாளங்களில் இந்த அழுத்தத்தை முழுக்கத் தடுக்கும் வால்வு இல்லை. அடக்கமுடியாத இருமலில் நெஞ்சில் ஏறும் அழுத்தம் அப்படியே மேலே போகும். கண் வெள்ளையில் உள்ள சிறு குழாய் வெடித்தால் சிவப்புத் திட்டு: பார்க்கப் பயங்கரம், பார்வை சரியாக இருக்கும், வலியில்லை, பீளையில்லை, ஒன்றிரண்டு வாரத்தில் மஞ்சளாகி மறையும். பிரஷரை மட்டும் பாருங்கள். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் குடிக்கிறவர் என்றால், உறையும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை பார்க்கச் சொல்லுங்கள். அதே அழுத்தம் விழித்திரையின் நடுவில் ஒரு நுண்குழாயை வெடிக்க வைத்தால் கண் வெள்ளை பளிச்சென்றிருக்கும், நடுப்பார்வை மட்டும் சிவந்தோ கறுத்தோ மறையும். இது ஒரே இருமலில், அந்த நிமிடத்திலேயே வரும். எப்போது தொடங்கியது என்று கேட்டால் நேரத்தைக் கூடச் சொல்வார்கள்.

இனி மருந்தகத்தில் செய்வது. தூரக் கண்ணாடி இருந்தால் போடவைத்து, 6 மீற்றரில் அட்டை, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடவைத்து. விரலால் மூடினால் இடைவெளியால் பார்ப்பார்கள். இரண்டு கண்ணையும் திறந்து வாசிக்க வைத்து 6/6 எழுதிய சீட்டுக்குப் பெறுமதி இல்லை. நல்ல கண் கெட்ட கண்ணை மறைத்துவிடும். மங்கல் என்றால் தடித்த அட்டையில் 1 மில்லிமீற்றரை விடக் கொஞ்சம் பெரிய ஓட்டை போட்டு அதன் வழியே வாசிக்க விடுங்கள். ஓட்டையில் இரண்டு மூன்று வரி கூடினால் கண்ணாடிப் பவர் விஷயம், அவசரமில்லை. கூடவே இல்லை, அல்லது இன்னும் மோசம் என்றால் விழித்திரை அல்லது நரம்புப் பக்கம் சந்தேகப்படுங்கள்.

பிறகு இருட்டறையில் டோர்ச். தூரத்தில் பார்க்கச் சொல்லி, ஒரு கண்ணில் 2, 3 நொடி, சட்டென்று மற்றக் கண்ணுக்கு, திரும்ப. வெளிச்சம் வந்தபோது கண்மணி சுருங்காமல் விரிந்தால் அந்தக் கண்ணில் பெரிய அடைப்போ நரம்புப் பாதிப்போ இருக்கிறது. கற்ராக்ட்டால் இது வராது, அதனால் “வயசாளிதானே, கற்ராக்ட்டாக இருக்கும்” என்று ஒதுக்கமுடியாது. இரண்டு கண்ணும் ஒரே அளவில் கெட்டிருந்தால் இந்தச் சோதனை ஏமாற்றும். மருந்துப் போத்தலின் சிவப்பு மூடி ஒன்றைத் தனித்தனிக் கண்ணுக்குக் காட்டுங்கள். ஒன்றில் வெளிறித் தெரிகிறதென்றால் அதையும் எழுதுங்கள். கடைசியாக, பார்வையின் நான்கு மூலைகளிலும் விரல் எண்ணவைத்தல்.

பிரஷர், சீனி இரண்டும் எல்லோருக்கும். கர்ப்பிணித் தாய் மங்கல், தலையிடி என்று வந்தால் இருமலைப் பற்றிப் பேசுவதற்கு முன் பிரஷரும் சிறுநீரில் புரதமும்.

அன்றைக்கே போக வேண்டியவர்கள்: திடீர் இருள், வந்துபோன இருள், கண்மணிச் சோதனையில் பிழை, பாதிப் பார்வை மறைதல், கை கால் பலவீனம் அல்லது வாய் கோணல் சேர்ந்தது, வலியோடு சிவந்து பார்வையும் குறைந்தது, புதிதாக இரட்டைப் பார்வை. செயற்கைச் சுவாசத்தில் கிடந்தவரின் கருவிழியில் வெள்ளைப் புள்ளி இருந்தாலும் அன்றைக்கே. இமை மூடாமல் கிடந்து புண்ணாகியிருக்கும். ஒரு கண் படிப்படியாக மங்கி, ஓட்டையில் கூடாதவரை அடுத்த நாள் தாண்டவிடாதீர்கள்.

மருந்துக்கடை_ஹட்டன்:

மேலே அக்கா குழாய்ப் பக்கத்தைச் சொல்லிட்டாங்க. நான் மருந்துப் பக்கம்.

ஒட்சிசன் வைத்த கொவிட் நோயாளிக்கு டெக்ஸாமெதசோன் நாளுக்கு 6 மி.கி., கூடியது 10 நாள். 2020 முதல் இதுதான் நடைமுறை. இது சீனியை ஏத்தும். சீனி ஏறினால் கண் வில்லையின் பவர் மாறி இரண்டு கண்ணும் சேர்ந்து மங்கும், ஓட்டையில் பார்த்தால் தெளியும். மருந்துக்கடையில் மங்கல் என்று வருகிறவர்களில் நிறையப் பேர் இந்த வகை. உடனே ஹட்டன் டவுனில் கண்ணாடி செய்யப் போகாதீங்க. சீனி ஒரு நிலைக்கு வந்து 4 - 6 வாரம் கழிச்சுத்தான் கண்ணாடி. முன்னமே இருந்த சீனியா, ஸ்டெரொயிட் ஏத்தினதா என்று பிரிக்க எச்.பி.ஏ.1.சி. இரத்தப் பரிசோதனை போதும். அது கடந்த 3 மாதச் சீனியின் சராசரியைச் சொல்லும். வார்டில் சீனி 300 ஏறினவருக்கு இது சாதாரணமாக இருந்தால் ஸ்டெரொயிட்டும் காய்ச்சலும்தான் காரணம். கூடியிருந்தால், கண்ணுக்குள் காணும் பஞ்சுப் புள்ளி வைரஸுக்கு முந்தியதாகவும் இருக்கலாம்.

ஸ்டெரொயிட் இன்னொன்றும் செய்யும். விழித்திரையின் நடுவுக்கு அடியில் நீர் கோக்கும். நடுவில் சாம்பல் வட்டம், பொருள் எல்லாம் சின்னதாகத் தெரியும், நேர்கோடு வளையும். இதை அடைப்பு என்று நினைத்து மேலும் ஸ்டெரொயிட் கொடுத்தால் கூடும். வார்டில் கொடுத்த குளிசை மிச்சம் இருக்கிறதென்று வீட்டில் தொடர்கிறவர்கள் இருக்கிறார்கள், பையைத் திறந்து பாருங்க.

அஸ்பிரின் கேள்வி. கொடுக்காதீங்க. அடைபட்ட நாளத்தை அது திறக்காது. கசிந்துகொண்டிருக்கிற இரத்தத்தைக் கூட்டவும் கூடும். கொவிட் வார்டு நோயாளிகளில் நாளுக்கு 150 மி.கி. கொடுத்துப் பார்த்த பெரிய பிரித்தானியப் பரிசோதனையில் இறப்புக் குறையவில்லை. நம்ம நாட்டில் இன்னொரு காரணமும் இருக்கு: காய்ச்சல் எதுவென்று உறுதியாகாத நிலையில் அது டெங்குவாக இருந்தால் அஸ்பிரின், இப்யூப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மூன்றும் ஆபத்து. சின்னப் பிள்ளைகளுக்கு இன்ஃபுளுவென்சாவில் அஸ்பிரின் கொடுத்தால் ஈரலையும் மூளையையும் தாக்கும் ரேய் நோய் வரலாம். பரசிட்டமோல் மட்டும். இருதயத்துக்காக ஏற்கெனவே அஸ்பிரின் குடிக்கிறவர் தானாக நிறுத்தவும் கூடாது, அது வேறு கணக்கு.

கடைசியில் கருப்புப் பூஞ்சை. 2021இல் இந்தியாவில் 40,000 பேருக்கு மேல் பிடித்தது, சீனியும் ஸ்டெரொயிட்டும் சேர்ந்த இடத்தில். பூஞ்சை மூக்கிலிருந்து கண் குழிக்குப் போய்க் குழாய்ச் சுவரைத் துளைத்து உள்ளே வளர்ந்து அடைக்கும். கன்னம் மரத்துப்போதல், இமை தொங்குதல், மூக்கில் கறுத்த சளி, கண்ணைச் சுற்றி வலி. இதில் ஒன்று இருந்தாலும் 1990க்கு அடித்து சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்க, பஸ்ஸுக்கு நிற்க வேண்டாம்.

எதிர்க்கேள்வி_கண்டி:

குழாய் விளக்கம் சரி. ஆனால் “வைரஸ் கண்ணைக் கெடுக்குது” என்று தோட்டம் முழுக்கப் பரவுவதற்கு முன் அளவு தெரியவேண்டும்.

2020 மே மாதம் லான்செட்டில் வந்த பிரேசில் குறிப்பு 12 பேரைப் பற்றியது. அதில் 4 பேருக்குப் பஞ்சுப் புள்ளியும் நுண்கசிவும். ஸ்கேனில் காட்டிய பிரகாசப் புள்ளிகள் சாதாரண இரத்தக்குழாயின் நிழலாக இருக்கலாம் என்று வேறு விழித்திரை நிபுணர்கள் மறுத்து எழுதினார்கள். செய்தித்தாள்களில் முதல் பாதி மட்டும் வந்தது.

இதைவிடக் கனமானது 2022இல் வந்த தெற்குக் கலிபோர்னிய ஆய்வு. கொவிட் வந்த 4 லட்சத்து 32 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள். தொற்றுக்குப் பின்னான 6 மாதத்தில் நாள அடைப்பு முந்திய 6 மாதத்தைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. உச்சம் 6 - 8 வாரத்தில். நாடி அடைப்பில் தெளிவான ஏற்றம் நிறுவப்படவில்லை. ஒன்றரை மடங்கு என்று கேட்டு மிரளவேண்டாம்: 2 வாரக் கணக்கில் 10 லட்சம் பேருக்குப் பன்னிரண்டளவுதான். ஒரு தோட்டத்தில் ஒருவரைக்கூடக் காணாமல் போகலாம். ஆனால் அந்த 6 - 8 வாரத்தை மனதில் வையுங்கள், ஆள் இருமல் நின்று வேலைக்குத் திரும்பிய பிறகு வருகிற மங்கலை யாரும் காய்ச்சலோடு சேர்த்துப் பார்ப்பதில்லை.

மலைநாட்டில் இன்னொரு குழப்பம் இரத்தசோகை. ஹீமோகுளோபின் 8க்குக் கீழே போனால் வைரஸ் இல்லாமலே விழித்திரையில் கசிவு வரும், பிளேட்லெட்டும் குறைந்தால் இன்னும் எளிது. கொழுந்து பறிக்கும் பெண்களில் இரத்தசோகை எவ்வளவு என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். முழு இரத்தப் பரிசோதனை இல்லாமல் “கொவிட் கண்” என்று பெயர் வைக்காதீர்கள். டெங்குவும் மையப்பகுதியைத் தாக்கும். பிளேட்லெட் அடிமட்டத்துக்குப் போகிற, காய்ச்சலின் ஏழாம் நாளை ஒட்டி மங்கும்.

குளிரும் உயரமும் காரணமா என்று ஒரு கேள்வி எப்படியும் வரும். நுவரெலியா 1,868 மீற்றர். உயரத்தால் விழித்திரையில் கசிவு வருவது பெரும்பாலும் 3,000 மீற்றருக்கு மேலே ஏறுகிறவர்களுக்கு. பனிக்காற்றில் கண் காயும், நீர் வடியும், அவ்வளவுதான். ஒட்சிசன் பார்க்க விரலில் மாட்டும் மெஷின் கொழும்பைவிட ஒன்றிரண்டு புள்ளி குறையக் காட்டுவது மட்டும் இயல்பு.

மஸ்கெலியா_மருந்தகம்:

மூவருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். ஒன்று, அனுப்புவதற்கு முன் கண்மணி விரிக்கும் சொட்டு மருந்து நானே விட்டு அனுப்பினால் அங்கே நேரம் மிச்சமா? இரண்டு, கறுப்புப் புள்ளி என்று சொல்கிற இளவயதுப் பிள்ளைகள் கிளினிக் போய் “கண்ணில் ஒன்றுமில்லை” என்று எழுதிய புத்தகத்தோடு திரும்புகிறார்கள். புள்ளி இன்னும் நிற்கிறது என்கிறார்கள். யாரை நம்புவது?

விழித்திரை_பண்டாரவளை:

சொட்டு விடாதீர்கள். டிராபிகமைட் விட்ட கண்மணியில் டோர்ச் சோதனை செய்யமுடியாது, அங்குள்ள வைத்தியருக்கு மிக முக்கியமான அடையாளத்தை நீங்கள் அழித்து அனுப்புகிறீர்கள். முன்கண் குறுகியவர்களுக்குத் திடீரென அழுத்தம் ஏறவும் கூடும். அங்கே விட்டால் 20 - 30 நிமிடத்தில் விரியும், 4 - 6 மணி நேரம் கிட்டப் பார்வை வராது, வெயில் கூசும். மோட்டார் சைக்கிளில் தனியாக வரவேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள், நம்ம வளைவுகளில் அது விளையாட்டில்லை.

இரண்டாவது கேள்விக்கு, இருவரையும் நம்புங்கள். காய்ச்சலுக்குப் பின் இளவயதினருக்கு, கூடுதலாகப் பெண்களுக்கு, நடுவை ஒட்டிக் கறுப்புப் புள்ளி வருகிற ஒரு நிலை இருக்கிறது: கடும் மக்குலர் நியூரோரெட்டினோபதி. 1975இல் முதலில் எழுதப்பட்டது, கொவிட்டுக்கு வெகு முன்பே. முன்னால் ஒரு சளிக்காய்ச்சல் இருந்தது என்பது கொவிட்டுக்கு முந்திய குறிப்புகளிலும் உண்டு. விழித்திரையின் ஆழ்ந்த நுண்குழாய் வலையில் இரத்தம் குறைவதுதான் காரணமாகக் கருதப்படுகிறது. சாதாரண லென்ஸில் பார்த்தால் ஒன்றும் தெரியாமலே போகலாம், அல்லது மிக மெல்லிய செம்பழுப்பு இதழ் வடிவம். அகச்சிவப்புப் படத்தில் கறுப்பாகத் தெளிவாக விழும், விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓ.சி.டி. ஸ்கேனில் அடுக்கு குலைந்திருக்கும். ஆகவே கடிதத்தில் “ஓ.சி.டி.யும் அகச்சிவப்புப் படமும் பார்க்கவும்” என்று கேட்டு எழுதுங்கள். நிரூபிக்கப்பட்ட மருந்து இல்லை. மாதக்கணக்கில் மங்கும், சிலருக்குக் கொஞ்சம் தங்கிவிடும்.

அந்தப் பிள்ளையிடம் வெள்ளைத்தாளில் 10 சென்டிமீற்றர் சதுரம், அதற்குள் 5 மில்லிமீற்றர்க் கட்டங்கள் வரைந்து கொடுங்கள். நடுவில் ஒரு குத்து. 30 சென்டிமீற்றர் தூரம், வாசிப்புக் கண்ணாடியோடு, ஒரு கண்ணை மூடி, குத்தையே பார்த்தபடி, மறையும் கட்டத்தைப் பென்சிலால் நிழலிடச் சொல்லுங்கள். திகதி போட்டு கிளினிக் புத்தகத்தில் ஒட்டுங்கள். “ஏதோ புள்ளி” என்று சொன்னபோது எழுதாத வைத்தியர் இதைக் கண்டால் படம் எடுப்பார்.

கடிதத்தில் வேறு என்ன: மங்கல் தொடங்கிய திகதியும் நேரமும், தனித்தனிக் கண்ணின் பார்வை, ஓட்டையோடு எவ்வளவு, கண்மணிச் சோதனை, பிரஷர், சீனி, வார்டில் கொடுத்த ஸ்டெரொயிட்டின் அளவும் நாளும், ஒட்சிசன் எத்தனை நாள், இரத்தம் உறையாமல் போட்ட ஊசி. வார்டு டயக்னோசிஸ் கார்டின் பிரதி. ஹட்டனிலிருந்து கண்டிக்கு 70 கிலோமீற்றர் சொச்சம். கிளம்புமுன் கண் பிரிவு அன்றைக்கு இயங்குகிறதா என்று போனில் கேளுங்கள். திடீர் இருளுக்கு மட்டும் இந்த விசாரணையெல்லாம் வேண்டாம், கிட்டிய ஆதார வைத்தியசாலையின் அவசரப் பிரிவு, பக்கவாதம் என்ற சொல் கடிதத்தின் முதல் வரியில். ஐம்பது தாண்டியவருக்கு நெற்றிப்பொட்டு வலி, மெல்லும்போது தாடை வலி இருந்தால் அதையும் முதல் வரியிலேயே. அது நாடி அழற்சி, மற்றக் கண்ணைக் காப்பாற்ற நேரம் குறைவு.

ஊசி_அட்டவணை:

ஒன்று மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் அனுப்பினதோடு கதை முடிகிறதென்று நினைக்கிறோம்.

நாளம் அடைபட்டு மையத்தில் நீர் கோத்தவருக்குக் கண்ணுக்குள் ஊசி போடுவார்கள். பெவாசிசுமாப் 1.25 மி.கி., 0.05 மி.லீ. அளவில், மாதம் ஒரு தடவை. முதல் ஊசியில் பார்வை கூடிவிட்டால் ஆள் அடுத்த மாதம் வரமாட்டார். மருந்து சில வாரத்தில் குறைந்ததும் நீர் திரும்பக் கோக்கும். தோட்டத்தில் இதற்குக் காரணம் அலட்சியம் இல்லை, ஒரு நாள் பெயர் (வருகைப் பதிவு) போனால் சம்பளம் போகிறது, பஸ் செலவு வேறு. ஆகவே கிளினிக் திகதியை முன்கூட்டியே தோட்ட நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுப்பது மருந்தகத்தின் வேலைகளில் ஒன்று.

அடைப்பு கடுமையாக இருந்தால், மூன்று மாதத்தை ஒட்டி, இரத்தம் கிடைக்காத விழித்திரை புதுக் குழாய்களை முளைக்கச் செய்யும். அவை கண்மணியின் ஓரத்திலும் கண்ணுக்குள் உள்ள நீர் வெளியேறும் வடிகால் மூலையிலும் படர்ந்து கண் அழுத்தத்தை ஏற்றும். இந்த நோயில் வலி வருவது அப்போதுதான்: சிவந்து, தலையிடித்து, வாந்தியோடு. பார்வை போய்விட்ட கண்தானே என்று வராமல் விட்ட ஆள் அந்த நிலையில் வருவார். அதைத் தடுக்க முதல் 6 மாதம் மாதாமாதம் கண்மணி ஓரத்தை, விரிக்கும் சொட்டு மருந்து விடாமல், பார்க்கவேண்டும், முளைத்திருந்தால் லேசர்.

ஊசி போட்ட அன்று சிவப்பும் மிதக்கும் குமிழியும் இயல்பு. இரண்டு மூன்று நாளில் வலி கூடி, பார்வை குறைந்தால் உள்ளே கிருமி. அன்றிரவே திருப்பி அனுப்புங்கள். ஊசி போட்ட கண்ணில் நந்தியாவட்டைச் சாறோ தாய்ப்பாலோ விடவேண்டாம் என்று வீட்டுப் பெரியவர்களிடம் நேராகச் சொல்லுங்கள், நோயாளியிடம் மட்டும் சொன்னால் போதாது.